பை இல்லாத அப்ரைட் வேக்குவம் கிளீனர்: ஒரு வீட்டில் பத்து வாரம் பார்த்தது

பின்னணி

இது எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் மகள், கணவருடைய அம்மா, கூடவே நீள முடி வைத்த ஒரு பூனை. மாடி வீடு. கீழே முழுக்க டைல்ஸ், மேலே இரண்டு படுக்கையறையிலும் சுவரோடு சுவராகக் கம்பளம் ஒட்டியிருக்கிறது, நடுவில் படிக்கட்டு. மனைவிக்குப் பல வருடமாகத் தூசு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் இருக்கிறது. இன்ஹேலர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். வீட்டைக் கூட்டித் துடைத்து வைப்பது பெரும்பாலும் அவர்தான், இந்தக் கதைக்கு அது முக்கியம்.

நான் வீட்டு மெஷின்களைப் பழுது பார்க்கிறவன், கணவருக்கு நெடுநாள் நண்பன். அவர்களிடம் இருந்தது பை வைத்த பழைய கேனிஸ்டர், அதாவது உடம்பு தரையில் உருண்டு வர, குழாயை மட்டும் கையில் பிடித்து ஓட்டுகிற வகை. "முன்ன மாதிரி இழுக்கவே மாட்டேங்குது அண்ணா, புதுசு வாங்கலாம்னு இருக்கோம், நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று நண்பரின் மனைவி கேட்டதில்தான் இது தொடங்கியது. அவர்கள் மனதில் ஏற்கெனவே ஒன்று இருந்தது: பை இல்லாத அப்ரைட், அதாவது மோட்டாரும் தூசு டப்பாவும் கைப்பிடியோடு ஒன்றாக நிமிர்ந்து நிற்க, மொத்தமாகத் தள்ளி ஓட்டுகிற வகை. பை வாங்கி மாளாது, தேடினாலும் சரியான அளவு கிடைப்பதில்லை, இதில் அந்தத் தொல்லையே இல்லை என்பது அவர்கள் கணக்கு.

வாங்கும் முன் பேசியது

கணவர் வாட் கணக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதிக வாட் என்றால் அதிக இழுவை என்று நினைப்பது எல்லோருக்கும் இயல்புதான், ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் வாட் மோட்டார் சாப்பிடுகிற மின்சாரம், தரையிலிருந்து எடுக்கிற தூசு அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 செப்டம்பரில் 1600 வாட், 2017 செப்டம்பரில் 900 வாட் என்று உச்சவரம்பு போட்டார்கள். அதற்காக அங்கே யாரும் வீட்டைப் பெருக்காமல் விட்டுவிடவில்லை. தலைப்பகுதியின் அமைப்பு, பிரஷ் கம்பளத்தில் எவ்வளவு இறங்குகிறது, காற்று வழியில் எங்காவது கசிவு இருக்கிறதா, இவையெல்லாம் சேர்ந்துதான் சுத்தம்.

இரண்டாவதாக, பை இல்லை என்றால் ஃபில்டரும் இல்லை என்ற எண்ணத்தை மாற்ற வேண்டியிருந்தது. பை வைத்த மெஷினில் பையே ஒரு ஃபில்டர், அதன் நுண்துளைகள் நுண்தூசியால் அடைய அடைய காற்று போவது குறையும், இழுவையும் குறையும். பை இல்லாததில் காற்று டப்பாவுக்குள் பக்கவாட்டில் நுழைந்து சுழல்கிறது, கனமான துகள்கள் சுவரில் மோதிக் கீழே விழுகின்றன, இதைத்தான் சைக்ளோன் முறை என்பார்கள். மர அறுவை ஆலைகளில் தூளைப் பிரிக்க வைத்திருக்கும் கூம்பும் இதே வேலையைத்தான் செய்கிறது, அதைப் பார்த்துத்தான் பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன் 5127 மாதிரிகள் செய்து வீட்டு மெஷினுக்குள் கொண்டுவந்தார். ஆனால் மிக நுண்ணிய தூசு சுழலில் முழுவதும் பிரிவதில்லை. காற்றோடு போய் மோட்டாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டரில் படிகிறது, மீதி வெளியேறும் இடத்தில் இருக்கும் இரண்டாவது ஃபில்டரில். ஆக, பை வாங்குகிற வேலை போய் ஃபில்டர் கழுவுகிற வேலை வருகிறது. இதைச் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள், ஆனால் யார் கழுவுவது, யார் காலி செய்வது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் பேசவில்லை.

முதல் நாள்

மெஷின் வந்ததும் மேலே ஒரு அறையை மட்டும் ஓட்டினார்கள். டப்பா பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது, சாம்பல் நிறத்தில் பஞ்சு போல. எல்லோருக்கும் ஒரே அதிர்ச்சி. "இத்தனை நாளா இதுமேலயா படுத்திருந்தோம்" என்று பாட்டி திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணுக்குத் தெரிகிற டப்பாவுக்கு இப்படி ஒரு பலம் இருக்கிறது, அழுக்கு தெரியும்போது வேலை நடந்திருக்கிறது என்று மனம் உடனே நம்பிவிடுகிறது. ஆனால் அந்த அழுக்கு இழுவை போன பழைய மெஷினால் மாதக்கணக்கில் சேர்ந்த பாக்கி. எதை வைத்து ஓட்டியிருந்தாலும், பழைய மெஷினுக்கே புதுப் பை போட்டு ஓட்டியிருந்தாலும், கொஞ்சம் வந்திருக்கும்.

அதனால் அப்படியே செய்து பார்க்கலாம் என்றேன். கணவருக்கு அது வீண்வேலையாகத்தான் பட்டது. இருந்தாலும் தேடிப் பிடித்து இரண்டு பைகள் வாங்கி வந்தார்.

எடை போட்டுப் பார்த்தது

ஆய்வுக்கூடத்தில் செய்கிற மாதிரி நம்மால் முடியாது. ஆனால் வீட்டில் செய்யக்கூடிய ஒரு எளிய முறை இருக்கிறது: சலித்துக் காயவைத்த நுண்மணல் 50 கிராம், கம்பளத்தில் ஒரு குறிப்பிட்ட சதுரத்தில் தூவி, செருப்புக் காலால் நன்றாகத் தேய்த்து உள்ளே இறக்கி, பத்து முறை முன்னும் பின்னும் ஓட்டி, டப்பாவை அல்லது பையை ஓட்டுவதற்கு முன்பும் ஓட்டிய பிறகும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்ப்பது. சோதனைக்கு முன் அந்த இடத்தை நன்றாக ஓட்டிவிட வேண்டும், இல்லையென்றால் பழைய தூசும் கணக்கில் சேரும். சோடா உப்பு, மாவு மாதிரியான நுண்பொடியை வைத்துச் செய்யாதீர்கள், ஃபில்டர் ஒரே நாளில் அடைந்துவிடும்.

புதிய அப்ரைட் 50-ல் 40 கிராம் அளவு எடுத்தது. பழைய கேனிஸ்டர் புதுப் பையோடு 30-ஐத் தொடவில்லை. காரணம் தெளிவு: அப்ரைட்டின் தலையில் மோட்டாரால் சுழலும் பிரஷ் இருக்கிறது, அது கம்பள இழைகளை அடித்துப் பிரித்து உள்ளே இருப்பதை மேலே கொண்டுவருகிறது. கேனிஸ்டரின் தலை வெறும் வாய்தான்.

கீழே டைல்ஸில் கதை தலைகீழ். அதே பிரஷ் சுழன்றுகொண்டே போனதில் மணல் பின்பக்கமும் பக்கவாட்டிலும் தெறித்தது, சுவர் ஓரத்தில் கோடு போட்ட மாதிரி கிடந்தது. பிரஷை நிறுத்தும் பட்டன் இருந்ததால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. இந்தப் பட்டன் இல்லாத மாடல்களும் உண்டு, டைல்ஸ் வீட்டுக்கு அதை வாங்கினால் தினமும் எரிச்சல்தான்.

இரண்டு வாரம் கழித்து, டப்பாவில் குறி வரைக்கும் தூசு இருக்கும்போதே அதே சோதனையைச் செய்யச் சொன்னேன். இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஐரோப்பாவில் வேக்குவம் கிளீனர்களுக்கு ஒட்டிய மின்சிக்கன லேபிளை 2018 நவம்பரில் அங்கத்திய பொது நீதிமன்றம் ரத்து செய்தது, வழக்குப் போட்டது டைசன் நிறுவனம். காரணம், காலியான நிலையில் சோதித்த எண் நிஜமான உபயோகத்தைக் காட்டாது என்பது. யார் ஜெயித்தார்கள் என்பது இருக்கட்டும், அந்த வாதம் நூற்றுக்கு நூறு சரி. வீட்டில் எந்த மெஷினும் எப்போதும் காலியாக ஓடுவதில்லை.

டப்பா நிறைந்த நிலையில் 37, 38 கிராம், பெரிய வித்தியாசம் இல்லை. சைக்ளோன் முறை தன் வேலையைச் செய்கிறது என்று ஒத்துக்கொண்டேன். நான்காவது வாரம் மறுபடி செய்தபோது 31-க்கு இறங்கியிருந்தது. டப்பாவைக் காலி செய்தும் ஏறவில்லை. மோட்டாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டரை எடுத்துப் பார்த்தால் வெள்ளையாக இருந்தது சிமெண்ட் நிறத்துக்குப் போயிருந்தது. கழுவி, ஒரு முழு நாள் நிழலில் காயவைத்துப் போட்டதும் பழைய அளவுக்குத் திரும்பியது.

மூன்றாவது வாரம்: டப்பாவைக் காலி செய்த சாயங்காலம்

இதை வாரக்கணக்கில் முன்னால் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் அந்தப் பெண் மேலே இரண்டு அறையையும் ஓட்டி முடித்துவிட்டு, சமையலறைக் குப்பைக்கூடைக்கு மேல் டப்பாவைப் பிடித்து அடிப்பக்க மூடியைத் திறந்திருக்கிறார். மொத்தமும் ஒரே பொத்தென்று விழுந்து ஒரு புகை எழும்பியிருக்கிறது. உள்ளே ஒட்டியிருந்த முடியைக் கையால் இழுத்திருக்கிறார், வலைக்கூட்டைக் கூடையின் விளிம்பில் தட்டியிருக்கிறார். ஜன்னல் மூடியிருந்தது. பத்து நிமிடத்தில் தொடர்ந்து தும்மல், ராத்திரி மூச்சிரைப்பு, இன்ஹேலர் இரண்டு தடவை எடுத்தும் அடங்க நேரம் ஆனது. மறுநாள் மருத்துவரிடம் போய் வந்தார்கள்.

கணவர் எனக்குப் போன் பண்ணிக் கேட்ட முதல் கேள்வி, "ஹெப்பா ஃபில்டர் இருக்கே, அப்புறம் எப்படி?" நியாயமான கேள்வி. ஹெப்பா என்ற சொல்லுக்கு ஒரு கணக்கு உண்டு, 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளில் குறைந்தது 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதில் பரவலாகச் சொல்லப்படுவது. ஆனால் அந்தக் கணக்கு ஃபில்டர் வழியாகப் போகிற காற்றுக்கு மட்டும்தான். மூடி இடுக்கில் கசிகிற காற்றுக்கு இல்லை, டப்பாவைத் திறந்து கொட்டும்போது எழும்புகிற புகைக்கு நிச்சயம் இல்லை. பை வைத்த மெஷினில் தூசு பைக்குள்ளேயே அடைந்து பையோடு வெளியே போய்விடும். இதில் வாரம் இரண்டு தடவை யாரோ ஒருவர் அந்தத் தூசியை முகத்துக்கு நேரே திறக்கிறார். அந்த யாரோ, இந்த வீட்டில், ஆஸ்துமா இருக்கிறவர்.

வீட்டுத் தூசியில் ஒவ்வாமை தருவதில் முக்கியமானது தூசுப் பேன்கள் என்ற, கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்களின் கழிவு. அது 10 முதல் 40 மைக்ரான் வரை இருக்கிற பெரிய துகள், கிளப்பிவிட்டால் மேலே எழும்பும், கொஞ்ச நேரத்தில் தரையில் படிந்துவிடும். பூனையிடமிருந்து வருகிற ஒவ்வாமைப் பொருள் அப்படி இல்லை, அதில் ஒரு பகுதி மிகச் சிறிய துகள்களில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். அவர்கள் டப்பாவில் இரண்டும் இருந்தன. அந்த ராத்திரி மூச்சிரைப்புக்கு டப்பாதான் காரணம் என்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன், சொல்ல நான் மருத்துவரும் இல்லை. ஆனால் அவர் யோசித்துப் பார்த்தபோது முந்தைய இரண்டு தடவையும் காலி செய்த நாளில்தான் தும்மல் அதிகமாக இருந்ததாகச் சொன்னார்.

எனக்கு இது மிகவும் வருத்தமாக இருந்தது. வாட் பற்றியும் சைக்ளோன் பற்றியும் அவ்வளவு பேசிய நான், கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தேன். இத்தனைக்கும் இந்த அப்ரைட் வகை பிறந்த கதையே ஆஸ்துமாவில்தான் ஆரம்பம்: 1908-ல் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர் ஒரு துப்புரவுப் பணியாளர், பெருக்கும்போது எழும்பும் தூசியால் மூச்சுத் திணறியவர், அதைத் தவிர்க்கத்தான் மின்விசிறி மோட்டாரையும் துடைப்பக் கட்டையையும் தலையணை உறையையும் சேர்த்து ஒரு மெஷின் செய்தார்.

நடுவில் வந்த பழுதுகள்

ஐந்தாவது வாரம் ரப்பர் கருகிய வாசனை, பிரஷ் சுற்றவில்லை. திருப்பிப் பார்த்தால் மகளுடைய நீள முடியும் பூனை முடியும் பிரஷின் இரு முனையிலும் கயிறாக முறுக்கி இறுகியிருந்தன. பிரஷ் நின்றுவிட மோட்டார் மட்டும் சுற்றியதில் பெல்ட் தேய்ந்து போனது. முடியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, பெல்ட் மாற்றி, வாரம் ஒருமுறை பிரஷைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. மோட்டார் எரிந்துவிட்டது என்று எல்லோரும் முடிவுக்கு வந்துவிட்டார்கள். அது சூடேறினால் தானாக நின்றுகொள்ளும் பாதுகாப்பு, அவ்வளவுதான். மோட்டாரைக் குளிர்விப்பதும் அதே காற்று என்பதால், வழி அடைந்தால் சூடு ஏறும். ஹோஸின் வளைவில் ஒரு குழந்தைச் சாக்ஸ் இருந்தது. எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் விட்டதும் ஓடியது.

பாட்டி சொன்னதுதான் என் குறிப்பில் இல்லாத விஷயம். "இது நல்லாத்தான் இழுக்குது தம்பி, ஆனா மாடிக்கு யாரு தூக்கறது?" ஏழு கிலோவுக்கு மேல் எடை, எல்லாம் கைப்பிடிக்குக் கீழே. படிக்கட்டில் வைத்தால் நிற்கவும் இடம் இல்லை, ஹோஸைக் கழற்றி நீட்டினால் மெஷின் சாய்ந்து விழப் பார்க்கிறது. படிக்கட்டை அவர் கடைசி வரை துடைப்பத்தால்தான் பெருக்கினார்.

எடுத்த முடிவு

ஆறாவது வாரக் கடைசியில் நால்வரும் உட்கார்ந்து பேசினார்கள், நானும் இருந்தேன். மூன்று வழி இருந்தது: மெஷினை விற்றுவிட்டுப் பை வைத்த அப்ரைட் வாங்குவது, ஒன்றும் மாற்றாமல் ஓட்டுவது, அல்லது யார் எதைச் செய்வது என்பதை மாற்றுவது.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டிருந்தது. விற்றால் நஷ்டம். அதோடு, கம்பளத்தில் அந்தப் பிரஷ் எடுக்கிற அளவை யாரும் இழக்க விரும்பவில்லை. ஒன்றும் மாற்றாமல் இருப்பது அந்தப் பெண்ணின் உடம்புக்கு ஆகாது, நான் அதை வெளிப்படையாகவே சொன்னேன். ஆக மூன்றாவது வழி.

புது மெஷின் மேல்மாடிக் கம்பளத்துக்கு மட்டும், மேலேயே நிற்கும், இறக்கி ஏற்றுவது இல்லை. ஓட்டுவதும் காலி செய்வதும் கணவர் பொறுப்பு. காலி செய்வது வீட்டுக்கு வெளியே, மாஸ்க் போட்டுக்கொண்டு, டப்பாவை ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் முழுதாக இறக்கிப் பையின் வாயைக் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளேயே திறந்து, தூசு அடங்க இரண்டு நிமிடம் விட்டுத்தான் வெளியே எடுப்பது. மனைவி அந்த நேரம் மேலே இருக்கக் கூடாது, ஓட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பழைய கேனிஸ்டர் புதுப் பையோடு படிக்கட்டு, மெத்தை, கீழ்த்தளம் ஆகியவற்றுக்கு. ஃபில்டரில் இன்னொரு ஜோடி வாங்கி வைத்தார்கள், ஏனென்றால் ஒன்று காயும் வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஈரத்தோடு போட்டு ஓட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தப்பு. ஈர ஃபில்டரில் தூசு சேறாகும், வாடை வரும், மோட்டாருக்கும் ஆபத்து.

பூனையைப் படுக்கையறைக்குள் விடுவதில்லை என்பது மருத்துவர் சொன்னது, படுக்கை விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கச் சொன்னதும் அவர்தான். கம்பளத்தை ஓட்டினால் பேன்களின் கழிவு கொஞ்சம் போகும், இழைகளைப் பற்றிக்கொண்டிருக்கும் உயிருள்ள பேன்கள் அவ்வளவு சுலபமாக வராது. வெந்நீர் அவற்றைக் கொல்லும். மகளுக்குப் பூனை விஷயத்தில் கோபம், இரண்டு நாள் பேசவில்லை.

அதற்குப் பிறகு

அடுத்த நான்கு வாரத்தில் ராத்திரி மூச்சிரைப்பு வரவில்லை, தும்மல் குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. இதில் மெஷினுக்கு எவ்வளவு பங்கு, வெந்நீருக்கு எவ்வளவு, பூனைக்கு எவ்வளவு என்று பிரிக்க வழியே இல்லை, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினோம். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் மூச்சுத் திணறுகிற ஒருவரை வைத்துக்கொண்டு அப்படிப் பரிசோதிக்க எனக்கு மனம் வரவில்லை, இப்போதும் வராது.

பத்தாவது வாரம் கடைசியாக மணல் வைத்துப் பார்த்தோம், 39 கிராம். கைப்பிடியில் ஒரு வெள்ளை நாடா ஒட்டி ஃபில்டர் கழுவிய தேதிகளை எழுதி வைத்திருந்தார்கள். ஒரு தடவை கணவர் ஊரில் இல்லாதபோது டப்பா நிறைந்துவிட்டதாம், மனைவி திறக்காமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறார், அந்த வாரம் மேலே ஓட்டவே இல்லை. அது சரியான முடிவு.

கணவர் பையைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பதை அலுத்துக்கொள்கிறார். பை வைத்ததே சுலபம் என்று இப்போது அவர்தான் சொல்கிறார்.

மறுபடி செய்தால்

முதலில் வீட்டில் யாருக்கு என்ன உடம்பு, காலி செய்யப் போவது யார் என்று கேட்பேன், மெஷினைப் பற்றி அப்புறம்தான். ஆஸ்துமா இருக்கிறவரே தனியாக எல்லாம் செய்கிற வீடாக இருந்தால், கழற்றும்போது தானாக வாய் மூடிக்கொள்ளும் பை வைத்த அப்ரைட்டைத்தான் சொல்வேன், பைக்கு ஆகும் தொடர்செலவு தெரிந்தே. பிரஷ் அதிலும் உண்டு, இவர்கள் பையில்லாததில் விரும்பியது உண்மையில் அந்தப் பிரஷைத்தான். அந்த இரண்டையும் நான் அன்றைக்குப் பிரித்துச் சொல்லியிருந்தால் தேர்வே வேறாக இருந்திருக்கும்.

சோதனைகளைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் நெருக்கிச் செய்வேன். முதல் நாள் காலியாக ஒன்று, டப்பா நிறைந்ததும் ஒன்று, பிரஷைத் திருப்பி முடியை வெட்டிப் பார்ப்பது ஒன்று, மாடிப்படியில் வீட்டிலேயே வயதானவரை ஒரு தடவை தூக்கிப் பார்க்கச் சொல்வது ஒன்று. ஃபில்டர் அடைவது மட்டும் நாள் பிடிக்கும், அதை அவசரப்படுத்த முடியாது.

அப்புறம், கடையிலேயே டப்பாவைக் கழற்றி மூடியைத் திறக்கச் சொல்வேன். எந்தப் பட்டன், எந்தப் பக்கம் விழுகிறது, கை உள்ளே போக வேண்டியிருக்கிறதா, முகம் எவ்வளவு கிட்டே வருகிறது. இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும், அந்த ஒரு நிமிடத்தை நான் அன்றைக்குச் செலவு செய்யவில்லை.